சிற்றுருவ இரயிலுக்கு நம் நாட்டு வண்ணம்

ஊரைவிட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்க்கு இரயிலின் நிறம் நன்றாக நினைவிருக்கும். பாட்டனார் வந்திறங்கிய பெட்டி செங்காவி. 1990-களுக்குப் பின் பேரன் பயணம் செய்த பெட்டி நீலம். இன்று அதிகமாகக் கண்ணிற் படுவது சிவப்பு. ஆனால் கடையில் வாங்கும் சிற்றுருவ இரயில்களிற் பலவும் ஜெர்மானிய, அமெரிக்க இரயில்வேக்களின் கோலத்திலேயே வருகின்றன. அவற்றுக்கு நம் நாட்டுக் கோலம் புனைவது எவ்வாறு என்பதை நேயர்களுக்கு விளக்கக் கருதுகிறேன்.

முதலில் அளவு. எச்.ஓ. என்னும் வகை, மெய்யான வண்டியில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர், கணக்குப்படி 19.3 வரவேண்டும். இந்தக் குறையைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பெட்டியின் நீளத்தில் மட்டும் கருத்து வேண்டும். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய பெட்டி, இவ்வளவையில் ஏறத்தாழ 245 மில்லிமீட்டர். பின்னாளில் வந்த எல்.எச்.பி. பெட்டி 270.

நிறத்தினும் பெரிய சங்கடம் எண்ணில் உண்டு. நெடுங்காலம் நம் பெட்டிகள் ஐந்திலக்க எண் தாங்கின. முதலிரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. எஞ்சிய மூன்றும் வகையைக் காட்டும். 201 முதல் 400 வரை இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதிப் பெட்டி. ஆகவே 92301 என எழுதினால் அது 1992-இல் கட்டப்பட்டது. செங்காவியும் தகும், பிற்காலத்து நீலமும் தகும். 05 எனத் தொடங்கும் எண்ணைச் செங்காவிப் பெட்டியில் ஒட்டினாலோ, எங்கும் ஓடியிராத ஒரு வண்டியைப் படைத்தவராவோம். அழகாயிருக்கிறதே என்று கிடைத்த எண்ணை ஒட்டுவோர் பலர். அதைக் காண எனக்குச் சிறிது வருத்தமே.

இதனை வெறும் பிடிவாதமென்று தள்ள வேண்டா. பழைய பாணிப் பெட்டிகளைக் கட்டுவதைப் பெரம்பூர் ஆலை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஓடுகின்றவையும் குறைந்து வருகின்றன. குடும்பத்துப் பழம்படங்களிற் பல கறுப்பு வெள்ளை. நிறம் முதியோர் நினைவில்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்டறிதற்குரிய காலம் இதுவே.

இனிச் செய்முறை. பெட்டியைப் பிரித்துச் சக்கரங்களையும் கண்ணாடிகளையும் அகற்றுக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உடலை ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் முந்தைய வண்ணம் பெரும்பாலும் கழன்றுவிடும். அருகில் அடுப்பெரிதல் ஆகாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைத் தொடவே கூடாது; பிளாஸ்டிக் உருகிவிடும். சோப்பு நீரிற் கழுவி உலர்ந்தபின் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாகப் பூசுக.

இரு நிறமுள்ள பெட்டியில் வெளிர்நிறம் முன்னே, அடர்நிறம் பின்னே. நீலப் பெட்டியின் சன்னல் வரிசையிலுள்ள இளநீலப் பட்டையை முதலிற் பூசி, மாஸ்கிங் டேப்பால் மறைத்து, டேப்பின் விளிம்பின்மேல் அதே இளநீலத்தை மீண்டும் ஒருமுறை தெளித்துவிட்டால், பின்வரும் கருநீலம் அடியிற் கசியாது. மும்பை, கொல்கத்தா அன்பர்கள் மழைக்காலத்தில் லாக்கர் தெளித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். தில்லியின் கோடை வெப்பத்திலோ தெளித்த வண்ணம் பெட்டியை அடையுமுன்னே உலர்ந்து மணல்போற் படியும். வெயில் ஏறாத காலை வேளையே உகந்தது.

எழுத்துகளுக்கு நீரில் நழுவும் டெகால் தாள். சாதாரண அச்சுப்பொறி வெண்மையை அச்சிடாது. வெள்ளை எழுத்து வேண்டின் பெட்டியின் நிறத்தையே பின்புலமாக அச்சிட்டு வெண்டாளில் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் அச்சாயின் நீரில் இடுமுன் தெளிவான லாக்கர் பூசுவது அவசியம். இன்றேல் மை கரைந்துவிடும். ஒட்டுமிடம் பளபளப்பாக இருத்தல் வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியிற் காற்றுத் தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல் மின்னும். வெதுவெதுப்பான நீரில் சில வினாடி ஊறவிட்டுத் தூரிகையால் நழுவவிடுக. நன்கு உலர்ந்தபின் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

முன்பதிவில்லாப் பெட்டியாயின், நீலப் பெட்டியின் கோடியில், சன்னலுக்கு மேலே, சாய்வான கோடுகளை மறவாதீர்கள். கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெருக்கற்குறி போன்ற பெரிய மஞ்சட் குறியும் வேண்டும். மெய்யான இரயிலில் அதைக் கண்டுதான் வண்டி முழுமையாகக் கடந்துவிட்டதென்று நிலையத்தார் தெளிகின்றனர்.