காற்றாலைக்கு அயல்நாட்டுப் பணம்: வேலை யாருக்கு?

கிருலப்பனைக் கடைக்காரருக்கு நெடுந்தீவு தூரம்தான். ஆனாலும் அங்கு நடந்த கொடுக்கல் வாங்கலை வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்சாரத்தில் ஓடியவை. அங்கு காற்று, சூரிய மின்சாரம் அமைக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் திட்டத்தின் கீழ் கேள்விமனு கோரப்பட்டு, 2021 ஜனவரியில் சீனக் கம்பனியொன்று தெரிவானது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்ட சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. கடன் வேண்டாம், நன்கொடையே தருகிறோம் என்றது. 2022 மார்ச்சில் உடன்பாடு. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரின் யூ சோலார் கம்பனியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நன்கொடை 1.1 கோடி அமெரிக்க டொலர். காற்று 530 கிலோவோட், சூரியசக்தி 1,700 கிலோவோட்.

கணக்கு இதுதான். மன்னார் தம்பபவனிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 20 கோடி டொலர் கடன் தந்தது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆனால் போட்டிக்கு இடமிருந்தது. நன்கொடையைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. நமக்கு ஆலை வரும். பணமோ கொடுத்த நாட்டின் கம்பனிக்கே போகும். சும்மா யார் தருவார்!

இத்தகைய வேலைகளில் உள்ளூர் வியாபாரிக்கு மிஞ்சுவது சீமெந்து, கம்பி, படகு ஏற்றுக்கூலி போன்றவை. விலை கேட்டு வருபவரிடம் எந்த நாணயத்தில், எத்தனை நாளில் பணம் தருவார் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.