விழுந்த கை எழுவது எப்படி?
நரம்பு நோயும் இயன்முறை மருத்துவமும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும், பால்மரக் காட்டில் உழைத்து ஓய்ந்த தமிழர் பலர் வாழ்ந்து வருகின்றனர். பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது; சில இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. உளி பிடித்த கைகளுக்கு வயதாகிவிட்டது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் துணை சேர, பாரிசவாதம் என்று முன்னோர் சொன்ன பக்கவாதம் அக்கைகளுள் சிலவற்றைத் திடீரென வீழ்த்துகிறது.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை இன்று பலரும் அறிவர். ஆயின், உயிர் தப்பி வீடு திரும்பிய பின் நடப்பது என்ன? மகள் சோறு ஊட்டுகிறாள். மகன் தூக்கி உட்கார வைக்கிறான். எண்ணெய் காய்ச்சித் தேய்க்கின்றனர். இவை யாவும் அன்பின் செயல்களே. ஆனால் விழுந்த கையை இந்த அன்பு எழுப்புமா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டிய வினா.

பழுது எங்கே உள்ளது?

கை அசையாதபோது பழுது கையில்தான் இருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. பக்கவாதத்தில் தசை கெடுவதில்லை, எலும்பு முறிவதில்லை. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ அப்பகுதியின் உயிரணுக்கள் மடிகின்றன. மூளையிலிருந்து இறங்கும் கட்டளை நரம்புகளுட் பெரும்பாலானவை முகுளத்தில் இடம் மாறிச் செல்வதால், இடப்பக்க மூளை கெட்டால் வலக்கை விழுகிறது. கட்டளை பிறக்கும் இடம் கெட்டமையால் கை வாளாவிருக்கிறது.

எண்ணெய் தேய்ப்பதால் தோலுக்கும் தசைக்கும் இதம் கிடைக்கலாம். ஆனால் மடிந்த கட்டளை அதனால் பிறவாது. நரம்பு நோயாளருக்கான இயன்முறை மருத்துவம், அஃதாவது ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரப்பி என வழங்குவது, உடம்பைப் பிடித்துவிடும் தொழில் அன்று. உடம்பின் வழியே மூளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியத் தொழில் அது.

மூளை கற்குமா?

நரம்பணுக்களை ஆராய்ந்து 1906-ல் நோபல் பரிசு பெற்ற இசுபானிய அறிஞர் இராமோன் இ கஹால், முதிர்ந்த மூளையின் நரம்புவழிகள் மாறாதவை என்று கருதினார். அக்கருத்து நெடுங்காலம் மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மடிந்த உயிரணு மீளாது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் மடியாமல் எஞ்சியவை புதிய வேலையை ஏற்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1996-ல் இராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் மூளையில் பழுதுற்ற குரங்குகளுக்கு விரல் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். பயிற்சி பெற்ற குரங்குகளின் மூளையில், கையை ஆளும் எஞ்சிய பகுதி சுருங்காமல் காக்கப்பட்டது. சிலவற்றில் அண்டைப் பகுதிக்கும் பரவியது.

தோட்டத்துப் பெரிய சாலையில் மரம் விழுந்து வழி அடைபட்டால் மக்கள் என்ன செய்கின்றனர்? நிரைகளுக்கிடையே புகுந்து நடக்கின்றனர். முதல் நாள் முள்ளும் புதரும் தடுக்கும். நாள்தோறும் பலர் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாகிறது. நடப்பதை நிறுத்தினால் புல் மூடிவிடுகிறது. மூளையில் புதுவழி பிறப்பதும் ஏறத்தாழ இவ்வாறே.

கைவிடக் கற்றல்

நோயுற்ற கையால் ஒரு வேலையை முயன்று தோற்றவர், நல்ல கையால் அதை எளிதில் முடித்துவிடுகிறார். இது பலநாள் தொடர்ந்தால், சிறிது அசையக்கூடிய கையையும் பயன்படுத்தாமலே இருக்க மூளை பழகிவிடுகிறது. எட்வர்டு டாப் என்ற அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினார். இதனை நாம் ‘கைவிடக் கற்றல்’ எனலாம். வீட்டார் எல்லா வேலையையும் தாமே செய்துவிடும்போது, தாம் அறியாமலே இப்பாடத்தைத்தான் கற்பிக்கின்றனர்.

இதற்கு மாற்றாக, நல்ல கைக்கு உறையிட்டு, நோயுற்ற கையையே வேலை வாங்கும் முறை பிறந்தது. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் கலந்துகொண்டனர். இரண்டு வாரம் இம்முறையில் கடும்பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கையை நன்கு பயன்படுத்தினர். ஓராண்டுக்குப் பின்னும் அந்நலம் நிலைத்தது. ஆயின், மணிக்கட்டும் விரலும் சிறிதேனும் அசைவோர்க்கே இம்முறை பொருந்தும்.

அசைவே இல்லாத கைக்கும் சில வழிகள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தோர் ‘இல்லாத கையில்’ உணரும் வலியைத் தணிக்க 1990-களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை அமைத்தார். நல்ல கையின் நிழல் கண்ணாடியில் அசையும்போது, மறுகையே அசைவதுபோல் மூளை காண்கிறது. 1999-ல் இம்முறை பக்கவாத நோயாளர்க்கும் சோதிக்கப்பட்டது. மற்றப் பயிற்சிகளுக்குத் துணையாக இன்று பல நாடுகளில் இது கையாளப்படுகிறது.

பயிற்சியின் இலக்கணம்

முதலாவது, பயிற்சி வாழ்வோடு ஒட்டியதாக இருத்தல் வேண்டும். வெறுமனே கையைத் தூக்கி இறக்குவதினும், குவளையை எடுத்து வாயருகே கொண்டுசெல்வது மேலான பாடம். பால்வெட்டிப் பழகிய கைக்கு உளியின் பிடியே நல்ல பயிற்சிக் கருவியாகலாம். கூர்மட்டும் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பன்முறை செய்தல். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரு பயிற்சி வேளையில் நோயுற்ற கை பயனுள்ள வேலையைச் சராசரியாக 32 முறையே செய்தது என்று அது கண்டது. விலங்காய்வுகளிலோ நூற்றுக்கணக்கான முறை செய்த பின்னரே மூளையில் மாற்றம் தெரிந்தது. ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியே அக்கை தொழிலைக் கற்றது. அதனை மீளக் கற்க 32 முறை போதுமா?

மூன்றாவது, உதவியை மெல்லக் குறைத்தல். மணலில் எழுத்துப் பழக்கும் ஆசிரியர் முதலில் குழந்தையின் விரலைப் பிடிக்கிறார்; பின் தொட்டும் தொடாமலும் இருக்கிறார்; பின் விட்டுவிடுகிறார். விரலை விடாத ஆசிரியரிடம் எந்தக் குழந்தையும் எழுதக் கற்றதில்லை.

அளவும் காவலும்

மிகுதியாகச் செய்தால் மிகுந்த பயன் என்று எண்ணுவதும் தவறு. நம் மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் 2,104 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, மிகுதியாக எழுப்பி நடமாட விட்டவர்களில் 46 விழுக்காட்டினரே மூன்று மாதத்தில் நன்னிலை அடைந்தனர். வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினர் அடைந்தனர். எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதைப் பயின்றவர்தாம் வகுக்க வேண்டும்.

தளர்ந்த தோளின் மூட்டு எளிதில் நழுவும். எனவே அக்கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்குதல் ஆகாது. படுக்கையில் கிடப்போரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தால் புண் வாராது. நோய்க்கேற்ப முறையும் மாறும். நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோயில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டும் முயற்சியில் கால் எழுவதைக் காணலாம். தண்டுவடம் முறிந்தோர்க்கு, எஞ்சிய வலிமையைக் கொண்டு வாழப் பழக்குவதே முதற்பணி. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த விபத்தில் இருகாலும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அவ்வூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி வளர்த்தார்.

யார் கற்பிப்பது?

குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். 2017-ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினர், வேறுபாடு இல்லை. குடும்பத்தின் பணி வீண் என்பது இதன் பொருளன்று. குடும்பத்தின் அன்பு பயின்றவரின் இடத்தை நிரப்பாது என்பதே யாம் கொள்ளும் பொருள். பயின்றவர் பாடம் வகுக்க வேண்டும்; குடும்பம் அதனை நாள்தோறும் படிக்க வைக்க வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று சிறவாது.

தோட்டத்திலிருந்து நகர ஆஸ்பத்திரிக்குச் செல்வது, வண்டியில்லாத முதியவர்க்குப் பெரும்பாடு. இரண்டு முறை சென்று நின்றுவிடுவோர் உண்டு. சொல்லப்படும் பாடம் விளங்காமல் நிற்போரும் உண்டு. பேச்சை இழந்து மீளும் மூதாட்டிக்குத் தாய்மொழியில் சொன்னால்தான் பாடம் ஏறும். “இந்தக் காலில் ஊன்றுங்கள் அம்மா, நான் பிடித்திருக்கிறேன்” என்று தமிழில் சொல்லும் ஒருவர் அருகில் இருப்பது மருந்துக்கு நிகரானது.

நம் பீடோங் வட்டாரத்திலேயே, செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் பயிற்றுவிக்கப்படுகிறது. மருத்துவர், வழக்கறிஞர் என்று மாணவர்க்குக் கனவு காட்டும் தமிழாசிரியர்கள் இத்தொழிலையும் சேர்த்துக் காட்டலாம். கற்றல் என்பது என்ன, பழகுதல் என்பது என்ன, பிடித்த விரலை எப்போது விடுவது என்பன ஆசிரியர்கள் அறியாதவை அல்லவே. உளி பிடித்து நம்மைப் படிக்க வைத்த கை இன்று தானே ஒரு குவளையை எடுக்கக் கற்கிறது. அதற்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும்.