விடுதலையான மந்திரிக்கு 3 ஆண்டு ஜெயில்!

"குற்றவாளி அல்ல" என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. மாலை போட்டு வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? அவசரப்படக் கூடாது! சர்க்கார் அப்பீல் செய்யலாம். அப்படி ஓர் அப்பீலில் சிக்கினார் ஒரு மந்திரி.

விந்தியப் பிரதேசம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. 1956-ல் அது மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டது. அங்கே பன்னாவில் வைரம் கிடைக்கும். ஒரு கம்பெனி சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதை நீக்கவேண்டும் என்று கம்பெனியார் நடையாய் நடந்தார்கள். தொழில் மந்திரி ராவ் சிவ பகதூர் சிங்.

1949 ஏப்ரல் 11-ந் தேதி டெல்லியில் கான்ஸ்டிடியூஷன் ஹவுஸ் விடுதியில் மந்திரி ரூ.25 ஆயிரம் லஞ்சம் வாங்கினார் என்பது வழக்கு. வேலையைத் தொடங்க அனுமதிக்கும் உத்தரவை, ஏப்ரல் 2-ந் தேதியே எழுதியதுபோலத் தேதி போட்டுத் தயாரித்தார் என்றும் குற்றச்சாட்டு.

அந்த 25 ஆயிரம் யார் பணம் தெரியுமா? போலீசார் கொடுத்து அனுப்பிய பணம்!

ரேவாவில் ஸ்பெஷல் ஜட்ஜ் விசாரித்தார். 1950 ஜூலையில் மந்திரி விடுதலை. சர்க்கார் விடவில்லை. அங்கே ஐகோர்ட்டின் ஸ்தானத்தில் ஜுடீஷியல் கமிஷனர் இருந்தார். அவரிடம் அப்பீல் செய்தது. 1951 மார்ச்சில் தீர்ப்பு தலைகீழாக மாறியது. மந்திரிக்கு 3 ஆண்டு கடுங்காவல்!

இப்படி மாற்றுவது லேசான காரியம் அல்ல. குற்றம் ருசுவாகும் வரை எவரும் நிரபராதிதான். விடுதலையும் கிடைத்துவிட்டால் அதற்கு இரட்டைப் பலம். மேலும், சாட்சி பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ். மேல்கோர்ட்டு பார்ப்பது காகிதத்தை. எல்லாச் சாட்சியத்தையும் மேல்கோர்ட்டு மறுபடி அலசலாம். ஆனால் கீழ்க்கோர்ட்டின் கருத்துக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்று 1934-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. இன்றோ, இத்தகைய அப்பீலை எடுத்துக்கொள்ளவே ஐகோர்ட்டின் அனுமதி வேண்டும்.

மந்திரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1954 மார்ச் 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. லஞ்சம் வாங்கியது உண்மை; 3 ஆண்டு தண்டனை உறுதி.

ஆனால் சர்க்கார் தரப்புக்கும் பலமான குட்டு! லஞ்சம் கேட்கப்பட்டவர் தம் பணத்தைக் கொண்டுவந்தால், போலீசார் பொறி வைத்துப் பிடிக்கட்டும். போலீசாரே பணத்தைக் கொடுத்துக் குற்றத்தை நடக்கச் செய்வதா? பொறி வைக்கப் போனபோது ஒரு மாஜிஸ்திரேட்டையும் சாட்சிக்காகக் கூட்டிப் போயிருந்தார்கள். அதையும் நீதிபதிகள் கண்டித்தார்கள்.