கட்டியைச் சுடும் நுண்ணலை

நெருப்பைக் கொண்டு நோய் தீர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் வைத்திய நூலில் அக்கினி கருமம் என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. காய்ச்சிய கோலால் நோயுற்ற இடத்தைச் சுடும் முறை அது. ஆனால் அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே எட்டும். கல்லீரலின் நடுவே நெல்லிக்காய் அளவில் ஒரு புற்றுக்கட்டி இருந்தால் அதை எப்படிச் சுடுவது? வயிற்றைக் கிழிக்காமல், சுற்றியுள்ள நல்ல தசையைக் கெடுக்காமல், கட்டியை மட்டும் எவ்வாறு வேகவைப்பது? இக்கேள்விக்கு விஞ்ஞானம் கண்ட விடைகளுள் ஒன்றே நுண்ணலைச் சிகிச்சை.

நுண்ணலை என்பது யாது? என் குரலை உங்கள் இல்லத்துக்குக் கொண்டுவரும் வானொலி அலைக்கு அது தங்கை முறை. இரண்டும் மின்காந்த அலைகளே. மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். இச்சிகிச்சைக்குப் பயன்படும் நுண்ணலை ஒன்றின் நீளமோ ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 1895-ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இதனினும் குறுகிய அலைகளை உண்டாக்கி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் நுண்ணலை ரேடார் கருவிகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்ததும் சமையல் அடுப்பாயிற்று. பின்னர் மருத்துவமனைக்குள்ளும் நுழைந்தது.

அது சூட்டை உண்டாக்கும் விதத்தைக் கேளுங்கள். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உண்டு. நான் சொன்ன நுண்ணலை, விநாடிக்கு 245 கோடி முறை அதிர்வது. அதற்கு ஏற்பத் திரும்ப முயன்று அம்மூலக்கூறுகள் தடுமாறுகின்றன. தேரோட்டக் கூட்டத்தில் நெருங்கி நிற்கும் அத்தனை பேரையும் வலமும் இடமுமாக ஓயாமல் திரும்பச் சொன்னால் தோளோடு தோள் உரசுமல்லவா? அவ்வுரசலே சூடு. நம் தசையில் பெரும்பகுதி நீர் ஆதலால் அது விரைவில் சூடேறுகிறது. எக்ஸ்ரே கதிரைப் போல நுண்ணலை அணுக்களைச் சிதைப்பதில்லை. சூடேற்றுவது ஒன்றே அதன் தொழில்.

முட்டையின் வெண்கரு சூடேறினால் உறைந்து வெளுக்கிறது. பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உயிரணுவில் உள்ள புரதமும் அப்படியே. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உறைந்து, உயிரணு உடனே மடிகிறது. ஆகவே மருத்துவர், ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே, மெல்லிய ஊசி போன்ற ஒரு கருவியைத் தோலின் வழியே கட்டிக்குள் செலுத்துகிறார். அதன் நுனியிலிருந்து நுண்ணலை பரவுகிறது. சில நிமிடங்களில் கட்டியும், அதைச் சுற்றி விளிம்பாகச் சிறிது நல்ல தசையும் வெந்துவிடுகின்றன. வேர் மிஞ்சாதிருக்கவே அந்த விளிம்பு. மடிந்த பகுதி உள்ளேயே சுருங்கித் தழும்பாகிறது. கல்லீரல் புற்றுக்கு இவ்வாறு தோலின் வழியே செய்த சிகிச்சையை ஜப்பானிய மருத்துவர்கள் 1994-இல் விவரித்து எழுதினார்கள். இன்று நுரையீரல், சிறுநீரகக் கட்டிகளுக்கும் இது கையாளப்படுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. எங்கள் கடையநல்லூர் வயற்புறத்தில் ஓடும் வாய்க்காலின் கரையில் ஒரு சுடுகல்லை வைத்தால், தண்ணீரைத் தொடும் பக்கம் முதலில் ஆறிவிடும். பெரிய இரத்தக் குழாயை ஒட்டிய கட்டியிலும், ஓடும் இரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. மின்சாரத்தால் சுடும் பிற முறையைவிட நுண்ணலை இத்தடையை நன்கு சமாளிக்கிறது என்றாலும், தடை அறவே நீங்குவதில்லை. கட்டியின் அளவு இன்னும் முக்கியம். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியில் பலன் சிறப்பு. பெருக்கப் பெருக்க, எச்சம் நின்று மீண்டும் முளைக்கும் அபாயமும் பெருகும். உடலெங்கும் பரவிய நோயை இது தீர்க்காது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு பல ஆண்டு பணியாற்றிய ஆசிரிய நண்பர் ஒருவருக்குக் கல்லீரலில் சிறு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. நோயின் பெயருக்கு அஞ்சி, அந்தக் காகிதத்தை அலமாரியில் பூட்டிவைத்தார், மனைவியிடமும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து வயிறு வீங்கிய பின்பே செய்தி வெளிவந்தது. அப்போது ஊசிக்கும் கத்திக்கும் காலம் கடந்துவிட்டது. அவரைக் கொன்றது நோய் மட்டுமன்று. அச்சமும் சேர்ந்தே கொன்றது என்பது என் எண்ணம்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அத்துயரத்தோடு முடங்கிவிடவில்லை. அவருடைய முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அச்சத்துக்கு விடை செயல்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கல்லீரல் புற்றுக்கு முக்கியக் காரணங்களுள் ஹெபடைடிஸ் பி கிருமியும் மதுவும் அடங்கும். முன்னதற்குத் தடுப்பூசி உண்டு. பின்னதற்கு மனவுறுதி உண்டு. கல்லீரல் சுருக்க நோய் உடையவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டால், கட்டி நெல்லிக்காயாக இருக்கும்போதே அகப்படும். தேங்காயாக வளர்ந்த பின் எந்த நுண்ணலையும் என் செய்யும்? உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு காகிதம் இருக்குமானால், நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.