போர் எதிர்ப்பு ஒரு கட்சியை எப்படித் தேய்க்கிறது? பிரிட்டன் தரும் பாடம்

ஈராக் மீது போர் வேண்டாம் என்று 2003 பிப்ரவரி 15ஆம் தேதி லண்டனில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். 7 லட்சத்து 50 ஆயிரம் பேர் என்றது காவல்துறை. 20 லட்சம் வரை என்றனர் ஏற்பாட்டாளர்கள். ஆயினும் அடுத்த மாதமே பிரதமர் டோனி பிளேர் அமெரிக்காவுடன் சேர்ந்து போரில் இறங்கினார். 2005இல் நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய தொழிற்கட்சி தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றது.

அப்படியானால் மக்களின் போர் எதிர்ப்புக்குப் பலனே இல்லையா? அந்த ஒரு தேர்தலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 20 ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் கதை வேறு.

*வென்றும் இழந்தது*

2001இல் 167ஆக இருந்த தொழிற்கட்சியின் நாடாளுமன்றப் பெரும்பான்மை, 2005இல் 66ஆகக் குறைந்தது. 35.2 விழுக்காட்டு வாக்குகளே கிடைத்தன. முக்கிய எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியும் போரை ஆதரித்ததால், கோபப்பட்ட வாக்காளர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதுதான் பிளேரைக் காப்பாற்றியது எனலாம்.

ஆனால் கட்சிக்குள் விரிசல் விழுந்துவிட்டது. வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் மூத்த தலைவருமான ராபின் குக், போருக்குச் சில நாட்களுக்கு முன் அமைச்சரவையிலிருந்து விலகினார். போருக்கான காரணம் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத் தீர்மானத்தை 139 தொழிற்கட்சி எம்.பி.க்கள் ஆதரித்தனர். போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கிடைக்கவே இல்லை.

*கொடி கட்டுகிறவர்கள் போனால்?*

கிளைக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, கொடி கட்டுவது, தேர்தலன்று வாக்காளரை அழைத்து வருவது எல்லாம் சாதாரண உறுப்பினர்கள் செய்யும் வேலை. கட்சி அரசியலை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இவர்களின் அருமை தெரியும். கொள்கைப் பிடிப்போடு சேர்ந்தவர்கள் என்பதால், போர் போன்ற விவகாரத்தில் முதலில் மனம் உடைவதும் இவர்களுக்குத்தான்.

1997இல் தொழிற்கட்சிக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். 2005இல் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. இந்தச் சரிவு போருக்கு முன்பே தொடங்கியது உண்மை. ஆனால் திரும்பி வரக்கூடியவர்களையும் போர் விரட்டிவிட்டது.

2010இல் கட்சி ஆட்சியை இழந்ததற்குப் பொருளாதார நெருக்கடி பெரிய காரணம். எனினும் அடுத்த தலைவர் யார் என்ற போட்டியில் ஈராக் மீண்டும் தலைதூக்கியது. போருக்கு வாக்களித்த அண்ணன் டேவிட் மிலிபாண்ட் தோற்றார். போர் தவறு என்ற தம்பி எட் மிலிபாண்ட் வென்றார். 2015இல் போரைத் தொடக்கம் முதல் எதிர்த்த ஜெரமி கோர்பின் தலைவரானார். மறு ஆண்டு, கட்சியின் சார்பில் ஈராக் போருக்காக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் கோர்பின் தலைமையில் கட்சி 2019இல் படுதோல்வி கண்டது. உறுப்பினர்களுக்குப் பிடித்த தலைவரை நாடு முழுவதும் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

*லாபம் பார்த்தவர்களின் நிலை*

போரை எதிர்த்த லிபரல் டெமோக்ராட் கட்சி 2005இல் 62 இடங்களைப் பிடித்தது. 2010இல் அதே கட்சி கன்சர்வேட்டிவ்களுடன் கூட்டணி ஆட்சி அமைத்து, பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்ற வாக்குறுதியை மீறியது. 2015இல் அதற்கு மிஞ்சியது 8 இடங்கள். தொழிற்கட்சி மீதான கோபத்தில் வந்த வாக்கு வெறும் கடன்தான். நம்பிக்கையைக் காப்பாற்றாவிட்டால் அது வந்த வழியே போய்விடும்.

*லெஸ்டர் சவுத் சொல்லும் செய்தி*

இந்திய வம்சாவளியினர் நிறைந்த லெஸ்டர் நகரின் லெஸ்டர் சவுத் தொகுதியில், 2004 இடைத்தேர்தலில் தொழிற்கட்சி லிபரல் டெமோக்ராட்டிடம் தோற்றது. ஈராக் கோபம் அதில் பெரும் பங்கு வகித்தது. மறு ஆண்டே தொகுதி மீட்கப்பட்டது; பழைய காயம் ஆறிவிட்டதாகவே தோன்றியது. 2019இல் அங்கு தொழிற்கட்சியின் பெரும்பான்மை 22,000க்கும் அதிகம்.

பின்னர் காஸா போர் வந்தது. உடனடிப் போர்நிறுத்தம் கோரத் தொழிற்கட்சி பல மாதங்கள் தயங்கியது. 2024 தேர்தலில் நாடு முழுவதும் 411 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்த அக்கட்சி, லெஸ்டர் சவுத்தில் காஸாவை முன்னிறுத்திய சுயேச்சை வேட்பாளரிடம் 979 வாக்குகளில் தோற்றது. கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஜொனதன் ஆஷ்வொர்த் அங்கு பதவியிழந்தார். காஸா பிரச்சினையை முன்வைத்த சுயேச்சைகள் மேலும் மூன்று தொகுதிகளில் வென்றனர்.

போர் எதிர்ப்பு ஓர் ஆட்சியை ஒரே நாளில் கவிழ்ப்பது அரிது. விலைவாசி, வேலை, மருத்துவமனை என்று வாக்காளருக்கு ஆயிரம் கவலைகள். ஆனால் "இவர்கள் நம் பேச்சைக் கேட்கமாட்டார்கள்" என்ற எண்ணம் ஒரு சமூகத்தில் வேரூன்றிவிட்டால், அடுத்த போர் வரும்போது அது மீண்டும் துளிர்க்கும். பெரிய வெற்றி கிடைத்த இரவில் ஒரு கட்சி கைவிட்டுப் போன தொகுதிகளையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.