கிடை இனி எந்த ஊருக்கு? கோடை வந்தால் கீதாரிக்குத் தூக்கம் போச்சு!

மன்னார்குடி ரோட்டில் பஸ் திடீரென்று நிற்கும். எட்டிப் பார்த்தால் ரோடு முழுக்க ஆடு! டிரைவர் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார். "ஆபீசுக்கு லேட்டாச்சே" என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். தோளில் கம்போடு முன்னால் நடக்கும் தலைப்பாகைக்காரரிடம், எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது. அவருக்கே அது இன்னும் முடிவாகாமல் இருக்கலாம்!

அவர்தான் கீதாரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டுக்காரர்களின் தலைவர். சில குடும்பத்து ஆடுகள் ஒரே மந்தையாகச் சேர்ந்து வரும். சட்டி பானை, பெண்டு பிள்ளை எல்லாம் கூடவே. வருஷத்தில் பாதிக்கு மேல் ரோடும் வயலும்தான் வீடு.

கிடைக்கு என்ன கூலி?

பகலில் மேய்ச்சல். ராத்திரி ஒருவர் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பது பழமொழி. ஆட்டுக் கணக்குப் பார்த்து ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். பணமாகவும் வரும், நெல்லாகவும் வரும்.

சம்பா அறுத்ததும் வயல் காலி என்று நினைத்தால் தப்பு. அறுப்புக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். அதைப் பிடுங்கி எடுக்கும் வரை ஆடு உள்ளே கால் வைக்க முடியாது. "ஐயா, உளுந்து எடுத்தாச்சுங்களா? கிடையை எப்பக் கொண்டாரலாம்?" இந்தக் கேள்வி அந்தக் காலத்தில் ஆள் மூலம் போகும். இப்போது செல்போனில் போகிறது.

வயல் கிடைத்தாலும் எத்தனை நாளைக்கு? மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மந்தை கிளம்ப வேண்டியதுதான். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். கோடையில் 19 நாள் போச்சு! 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். வயல் சும்மா கிடந்தது. ஆனால் காய்ந்த வாய்க்காலில் ஆடு எதைக் குடிக்கும்? பம்புசெட்காரர்கள் அணைக்குக் காத்திருப்பதே இல்லை. சித்திரையிலேயே நாற்று விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரி காரில் வரும் திருடர்கள்

ஊரை முடிவு செய்யும்போது கீதாரி இன்னொன்றையும் பார்க்கிறார். அது மெயின் ரோடு! பக்கத்தில் ரோடு இருந்தால் பகலில் லாரி பயம், ராத்திரி திருட்டுப் பயம். காரிலும் ஆட்டோவிலும் வந்து ஆட்டை அமுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். காதில் வெட்டிய அடையாளம் இருக்கிறது, வாஸ்தவம். விடிவதற்குள் கறியாகிவிட்டால் காதை எங்கே தேடுவது? போலீசில் புகார் கொடுக்கலாம். கேஸ் என்று அலைந்தால் மந்தையை யார் பார்ப்பது? நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவன் என்ன விலாசம் எழுதுவான்?

ரோட்டை விட்டு உள்ளே தள்ளிப் போனாலோ தண்ணீர் தூரம். ஆடு சீக்கு விழுந்தால் டாக்டரும் தூரம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். பாட்டியிடம் ஊரில் விட்டு வந்தவர்கள் பாக்கியசாலிகள்.

இத்தனையையும் மனசில் போட்டுக் குழப்பி, ஒரு ஊரைச் சொல்வார் கீதாரி. மற்றவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. விடியலில் பட்டி பிரியும். நடக்கத் தெரியாத குட்டிகள் மட்டும் கூடைக்குள். தூரம் அதிகமென்றால் அவற்றுக்கு 'குட்டி யானை' வண்டி. மற்றதெல்லாம் நடைதான்!