தந்தை தடுமாறினால் சிரிப்பு, தாய் தடுமாறினால்?

கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாமல் விழிக்கும் ஓர் ஆண் திரையில் வந்தால் எல்லோரும் சிரிக்கிறோம். பால் கரைக்கத் தெரியாது, பம்பர்ஸ் மாற்றத் தெரியாது, அழுகையை நிறுத்தத் தெரியாது. தந்தையரைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் பல இதை வைத்தே எடுக்கப்பட்டுள்ளன. நாம் ஏன் சிரிக்கிறோம் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

சார்லி சப்ளினின் 'த கிட்' 1921 இல் வெளிவந்தது. தெருவில் கைவிடப்பட்ட சிசுவொன்று ஓர் ஏழையிடம் வந்து சேர்கிறது. அதை யாரிடமாவது தள்ளிவிடவே அவன் முதலில் பார்க்கிறான். பிறகு கோப்பிக் கேத்தலைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பால் போத்தலாக்குகிறான். ஐந்து வருடங்களின் பின் அதிகாரிகள் பிள்ளையைக் கொண்டு செல்லும்போது, கூரைகளின் மேலால் ஓடிச் சென்று மீட்கிறான். சிரிப்பு அவனது அறியாமையில் ஆரம்பிக்கிறது. ஆனால் அவனைத் தந்தையாக்கியது, அவன் கற்றுக்கொண்டதுதான்.

1985 இல் பிரான்ஸில் கொலின் செரோ என்ற பெண் இயக்குநர், ஒரு குழந்தையிடம் அகப்பட்டுக்கொள்ளும் மூன்று நண்பர்களின் கதையைப் படமாக்கினார். அந்நாட்டில் மட்டும் 10 மில்லியனுக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்பனையாகின. 1987 இல் ஹொலிவூட்டும் அதை 'த்ரீ மென் அண்ட் எ பேபி' என்ற பெயரில் மீண்டும் எடுத்தது. பிரெஞ்சுப் படத்தின் முடிவில், தனியாகச் சமாளிக்க முடியாத தாய் குழந்தையுடன் திரும்பி வருகிறாள். களைப்பில் குழந்தையின் தொட்டிலிலேயே சுருண்டு உறங்கிவிடுகிறாள். அதே வேலை, அதே இரவு விழிப்பு. மூன்று ஆண்கள் பகிர்ந்து சுமந்தபோது சிரித்த நமக்கு, ஒருத்தி தனியே சுமந்ததைக் காணும்போது சிரிப்பு வருவதில்லை.

நமக்கு நன்கு தெரிந்த 'அவ்வை சண்முகி' (1996), 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவியது. ஆங்கிலப் படத்தின் தந்தை பிள்ளைகளோடு கும்மாளமடிப்பதில் கெட்டிக்காரர். ஒழுங்கும் பொறுப்பும் மனைவியின் தலையில். பணிப்பெண் வேடமிட்டு வந்த பிறகுதான் சமைக்கவும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவும், பிள்ளைகளை வீட்டுவேலை செய்ய வைக்கவும் பழகுகிறார். தமிழில் கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள், ஆங்கிலத்தில் சேர்வதில்லை. ஆனாலும் அவர் முன்னரைவிட நல்ல தந்தையாகிறார்.

இப்படங்கள் சொல்லும் செய்தி எளிதானது. குழந்தை வளர்ப்பு பிறப்போடு வரும் அறிவல்ல. செய்து பழகும் வேலை. தலைப்பிள்ளை பெற்ற தாய்க்கும் முதல் நாள் எதுவும் தெரியாது. வேறு வழியில்லாததால் அவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கும் வசதி அவளுக்கு இல்லை.

அந்த வசதியை நம்மில் பல வாப்பாமார் தாராளமாக அனுபவிக்கிறோம். வெளிநாட்டில் உழைப்பவர்களை நான் சொல்லவில்லை. வீட்டிலேயே இருப்பவர்களைச் சொல்கிறேன். பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தால் வருபவர்களில் அனேகர் உம்மாமார்தான். பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது, யாரோடு பழகுகிறது என்று கேட்டால், "உம்மாவிடம் கேளுங்கள்" என்று சொல்லும் தந்தையர் இருக்கிறார்கள்.

திரையில் வரும் தந்தை படம் முடிவதற்குள் கற்றுக்கொண்டு விடுகிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து முடிவதற்குள் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்.